பள்ளிக்கூட வாசலில் ஒரு கவசம்

சூலூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற வான்கவச லாரி அன்று காலை துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாரானது. குண்டோடு வரும் ட்ரோன்களை ஆகாயத்திலேயே பொசுக்கிவிடும் கவசம் அது. ஊருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைச் செய்த கம்பெனியில் அம்சவேணி வேலை பார்த்தாள். அவள் மகள் அந்தப் பள்ளியில் படித்தாள்.

"இந்த பட்ஜெட்லயாவது நம்ம கவர்மெண்டு பணம் ஒதுக்குமான்னு யாருக்குத் தெரியும்? வெளிநாட்டுக்காரங்க இதுக்கு முழுப் பணத்தையும் கட்டிட்டாங்க. நம்ம கம்பெனி இப்ப உலகம் பூரா போகுது, சந்தோஷப்படு அம்மிணி," என்று மேலாளர் நந்தகோபன் மைசூர்பாகு டப்பாவை நீட்டினார்.

அவள் தொடவில்லை. "நேத்துத்தான் பக்கத்து ஊர்ல ஒண்ணு விழுந்துதுங்க சார். எங்க புள்ளைங்க தலைக்கு மேல இருக்கறதையா எடுத்து விப்பீங்க?"

"அதெல்லாம் மேலிடத்து முடிவு. நல்ல நேரம் முடியப்போகுது, பழத்தை வை."

கிளம்பும் லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது கம்பெனி வழக்கம். போகிற வழியில் கவசத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதாம்! அம்சவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வைத்த பழத்தை வெடுக்கென்று திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கவசம் வாங்கின ஊருக்கு இது எதுக்குங்க? எங்களுக்கு இனி இதுதானே மிச்சம்!"

லாரி மைதானத்தைத் தாண்டியபோது, அவள் சத்துணவுக் கூடத்தில் பச்சைமிளகாய் வாங்கி, பழத்தோடு கோத்து, பள்ளிக்கூட வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் அதற்குக் கீழே வரிசையாக நடந்து வகுப்புக்குப் போனார்கள்.