மெதுவா வாங்க

"போனை எடுங்க சார். இன்னிக்கு நீங்கதான் பேசறீங்க."

அவன் போனைப் பார்த்தான். கைகள் மேஜைக்கு அடியிலேயே இருந்தன.

"நீங்களே பேசிடுங்களேன் மேடம்."

"ஆமா, டிரெயினிங் எனக்குத்தானே நடக்குது!"

வார்டு கிளார்க் வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுப்பவள் வயதில் அவனைவிடச் சின்னவள். நர்ஸ்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு. கேஸ் ஷீட்டுகளை அடுக்குவது, ரத்த சாம்பிளை லேபுக்கு அனுப்புவது, பார்வை நேரம் முடிந்தும் நகராத சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே அனுப்புவது என்று எல்லாம் அவனுக்குக் கைவந்துவிட்டது. போனை மட்டும் தொடுவதில்லை. மணி அடித்தால் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவான்.

"சாயங்காலம் ஹெட் சிஸ்டர் கேப்பாங்க, இவர் தேறுவாரா மாட்டாரான்னு. போன் பேசாத வார்டு கிளார்க், ஸ்டியரிங் தொடாத டிரைவர் மாதிரி. நான் என்ன பதில் சொல்ல?"

பழைய ஆபீசுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவனாகக் கேட்டு வந்த வேலை இது. இதுவும் போனால் மறுபடி அந்த வீட்டுச் சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பட்டாசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாக்கெட்ல பிரிக்காத புதுச் சீப்பு. தலையில காக்காக் கூடு. உங்களைப் பத்தி எதைன்னு சொல்றது!"

அவன் சட்டைப் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

ஜன்னலோரப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. சற்று முன் உள்ளேயிருந்து வந்த நர்ஸ், பட்டாசின் காதில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி திரைக்குள் போயிருந்தாள். அங்கே படுத்திருக்கும் அம்மாவுக்கு ஒரே மகன். ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டுக் காலையில்தான் ஃபேக்டரிக்குப் போனான்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அதைக் கேக்காதீங்க. விவரம் தெரிஞ்சா புது ஆளுங்க குரலே காட்டிக் கொடுத்துடும். நான் சொல்றதை அவங்க பையன்கிட்ட அப்படியே சொல்லுங்க. 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. பதறாதீங்க. மெதுவா வாங்க.' அவ்வளவுதான்."

அவன் முகம் வெளுத்தது. "மெதுவாவா?"

"மெதுவாத்தான்."

அவளே எண்களை அழுத்தி ரிசீவரை அவன் கையில் திணித்தாள். அடுத்த முனையில் மெஷின்களின் இரைச்சல். அதற்கு மேல் ஒரு குரல்.

"ஹலோ, யாருங்க?"

"ஆஸ்பத்திரி வார்டிலேர்ந்து பேசறேன். அம்மாவுக்கு... கொஞ்சம் முடியல."

"ஐயோ! ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் சார். முடிச்சிட்டு வரலாமா? இல்ல இப்பவே வரணுமா?"

பட்டாசு உதட்டை அசைத்துக் காட்டினாள். மெதுவா வாங்க.

அவன் கண்களை மூடிக்கொண்டான். "இப்பவே கிளம்புங்க! ஓடி வாங்க! வழியில எங்கயும் நிக்காதீங்க. யார் என்ன கேட்டிருந்தாலும் அதை வாங்கறதுக்குன்னு நிக்காதீங்க!"

பட்டாசு ரிசீவரைப் பிடுங்கினாள். "அண்ணா, இவர் புதுசு, ஏதோ பதறிட்டார். நீங்க வண்டி ஓட்டாதீங்க. கூட யாரையாவது கூட்டிட்டு மெதுவா வாங்க." வைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன காரியம் சார் பண்ணினீங்க? உங்க வேலைக்கு நீங்களே உலை வச்சுக்கிட்டீங்களே!"

"போகட்டும்." அவன் எழுந்துவிட்டான். "நீங்க சொன்னதை நம்பி அந்த ஆள் மெதுவா வருவான். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அப்புறம் ஆயுசுக்கும் அவன் எப்படித் தூங்குவான்? சொல்லுங்க, எப்படித் தூங்குவான்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பட்டாசு அவனை மருந்து அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது.

"நீங்க போனை எடுக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா போயிட்டாங்க சார்."

அவன் திரை இழுத்த படுக்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"உயிர் இருந்தா 'ஓடி வாங்க'ன்னுதான் சொல்லுவோம். முடிஞ்சுபோனாத்தான் 'மெதுவா வாங்க'. போனவங்களுக்கு அவசரமில்ல. வர்றவங்க ரோட்டுல விழாம வந்து சேரணும். ஒருத்தர் விழுந்தார், அதுக்கப்புறம் வந்த வழக்கம்."

"எப்பவும் இப்படித்தானா?" அவன் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. "போன வருஷமும்?"

"நான் வந்து ரெண்டு வருஷமாச்சு, அன்னிலேர்ந்து இப்படித்தான். ஏன்?"

மேஜையில் போன் அடித்தது. பட்டாசு நகர்வதற்குள் அவன் போய் எடுத்துவிட்டான். அதே மெஷின் இரைச்சல்.

"சார், ஒருத்தர் ஓடி வாங்கன்றீங்க, ஒருத்தர் மெதுவான்றீங்க. நான் எப்படி வரட்டும்?"

"மெதுவா வாங்க தம்பி," என்றான் அவன். குரல் நடுங்கவில்லை. "நான்தான் தெரியாம சொல்லிட்டேன். பதறாதீங்க. கூட ஒரு ஆளோட வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

ரிசீவரை வைத்தான். பட்டாசு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேறிட்டீங்க. இப்படிப் பேச எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

அவன் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தான்.

"போன வருஷம் இதே நம்பர்லேர்ந்து எனக்கும் 'மெதுவா வாங்க'ன்னு சொன்னாங்க. சரின்னு, என் மனைவி கேட்டிருந்த இந்தச் சீப்பை வாங்க வழியில நின்னேன். நின்னதாலதான் அவளை உயிரோட பார்க்க முடியாமப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்."

சீப்பின் உறையைப் பிரித்தான்.