இருவருக்கான அறை

பிரோஷ்கா சமையலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இழுப்பறைகளைத் திறந்தாள்.

முதியோர் இல்லம் பார்க்க வருகிறவர்கள் மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், குழாயில் வெந்நீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் யூத இல்லத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தாள். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது எங்கள் விதி; அதனால் இறைச்சிப் பாத்திரங்கள் ஒரு பக்கம், பால் பாத்திரங்கள் ஒரு பக்கம். இறைச்சிப் பக்கத்து இழுப்பறையில் நீலப் பிடி போட்ட ஒரு பால் கரண்டி கிடந்தது.

அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினாள்.

"ஏம்மா, இதை யாரு இங்க போட்டது? இந்த லட்சணத்துலதான் பெரியவங்களுக்குச் சாப்பாடு போடுறீங்களா?"

சமையல்காரியின் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை மாதமாக அது அங்கே கிடந்ததோ, இல்லத்துத் தலைவி ரோஸ்னரே கவனித்ததில்லை.

சக்கர நாற்காலியில் இருந்த பிரோஷ்காவின் கணவர் ஆர்மினுக்கு ஒரே சிரிப்பு. "பன்னி சாசேஜை எந்த இழுப்பறைல வைப்பீங்க? அதையும் காட்டிடுங்க."

"நீங்க சும்மா இருங்க."

ஆர்மின் அப்படித்தான். பெரிய விரத நாளன்று பிரோஷ்கா ஜெப ஆலயத்தில் வெறும் வயிற்றோடு நிற்பாள். இவர் ஒரு மாடி கீழே என் வீட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டியும், யூதர் தொடக் கூடாத பன்றிக் கொழுப்பும் தின்பார். கூட உட்கார்ந்து நானும் தின்பேன். நானும் யூதச்சிதான். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

நான் எதற்கு அங்கே போனேன் என்று கேட்கலாம். யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் வாசலில் டாக்ஸிக்கு நின்றதைச் சன்னலில் பார்த்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டேன்.

இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு நான்கு மாதமாக ஆர்மின் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அன்று தபால்காரரும் டாக்ஸிக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். எண்பத்திரண்டு வயதில் பிரோஷ்கா அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது முக்குகிற சத்தம் கீழே எனக்கே கேட்கும். போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்து, மத்தியானம்வரை தரையிலேயே கிடந்தார்கள்.

ஆகையால் இந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். இருவருக்கும் சேர்த்து. அறுபது வருடத்தில் அவர்கள் ஒரு நாள்கூடத் தனித்தனியாகப் படுத்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இருவருக்கான அறை நன்றாகவே இருந்தது. பிரோஷ்கா கதவு நிலையில் அறைந்திருந்த சிறு வேதவசனப் பேழையைத் தொட்டு, யூத வழக்கப்படி விரலை முத்தமிட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு கட்டிலை இடுப்பால் நெட்டித் தள்ளி, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை மூடினாள்.

"சரி, இருந்துக்கலாம்."

ரோஸ்னர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒருத்தி வந்தால் இல்லமே திருந்திவிடும் என்று நினைத்திருப்பாள்.

அலுவலகத்தில் படிவம் நிரப்பினார்கள். இருவர் அறை என்றால் இருவரும் யூதராக இருக்க வேண்டும். இல்லத்தைக் கட்டியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன விதி. தாய் யூதச்சியா என்பதுதான் கேள்வி. ஆர்மினுடைய தாயின் திருமணப் பத்திரம் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"உங்க அம்மாவோடது?"

"போர்ல எரிஞ்சுபோச்சு" என்றாள் பிரோஷ்கா.

எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் பதில். உண்மையான பதிலும்கூட. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ரோஸ்னர் பேனாவைத் திறந்தாள். எழுதாமல் மூடினாள்.

எனக்குப் பொறுக்குமா?

"நான் சாட்சி. இவ அம்மாவும் எங்க அம்மாவும் அப்படி ஒரு சிநேகிதம். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் ஓய்வுநாள் விளக்கேத்துவாங்க."

கடகடவென்று வந்தது. பிறருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று என் வாய் திறந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

ரோஸ்னர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"யோலான் அக்கா, போன செவ்வாக்கிழமை வெந்நீர்க் குளத்துல கழுத்தளவு தண்ணில நின்னுகிட்டு நீங்கதானே சொன்னீங்க? எங்க மூணாம் மாடில ஒருத்தி இருக்கா, பன்னி அறுக்கிறவன் மக, ஞானஸ்நானம் வாங்கினவ, நம்மளைவிடச் சுத்தமா ஓய்வுநாள் அனுசரிக்கிறான்னு. குளமே சிரிச்சுதே."

சொல்லியிருப்பேன். யாரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கு என்ன நினைவிருக்கும்?

"பக்கத்துல நின்னு சிரிச்சது எங்க நிர்வாகக் குழுத் தலைவரோட சம்சாரம்" என்றாள் ரோஸ்னர். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா எரிஞ்சுபோச்சுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன் அக்கா."

ஆர்மின் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுஷன். இடது கையால் பிரோஷ்காவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரோஷ்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒத்தை அறை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவதாக இருந்த தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். ஆர்மினுக்கு வலது கை வராது. அதனால் அவர் கையெழுத்தையும் அவளே போட்டாள்.