வக்கீலுக்கு வராத பாடம்

“போச்சு! இன்னைக்கும் போச்சு!” என்று சாலோமி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வக்கீல் சங்கரசுப்பிரமணியன் அரைமணி நேரமாகக் குத்திக் குத்தி ஏற்றிய நாலு வரிக் குறிப்பு, அந்தச் சின்னத் திரையிலிருந்து அடையாளமே இல்லாமல் போயிருந்தது. எழுதி முடித்ததும் ‘செட்’ பொத்தானை அழுத்த வேண்டும். அவர் வழக்கம்போல ‘ஆஃப்’ பொத்தானை அழுத்திவிட்டார்.

“செட்டா, ஆஃபா? எதைம்மா முதல்ல அமுக்கச் சொன்ன?” என்றார் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளை மாதிரி.

சாலோமிக்கு அழுகையே வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இந்த வக்கீலிடம் பதினெட்டு வருஷமாக ஸ்டெனோ அவள். அவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் சுருக்கெழுத்தில் பிடித்துவிடுகிறவளுக்கு, இந்த உள்ளங்கை அகல டிஜிட்டல் டைரி எமனாக வந்து வாய்த்தது.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த வக்கீலின் மகன் நடராஜ் கொண்டுவந்த சாமான் அது. வந்த மறுநாளே அவளிடம் சொல்லிவிட்டான்: “அக்கா, நான் திரும்பிப் போறதுக்குள்ள அப்பா கேஸ் குறிப்பையெல்லாம் இதுல அவரே எழுதிப் பழகிரணும். சொல்லிக் கொடுக்கது உங்க பொறுப்பு. அதை வச்சுத்தான் ஆபீஸ்ல ஒரு முடிவு எடுக்கணும்.”

அது என்ன முடிவு? ஒரு மிஷினைச் சொல்லிக் கொடுக்கத் துப்பில்லாதவள் எதற்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவானோ? மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். வீட்டில் சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்திதான்.

இத்தனைக்கும் அவளுக்கே அது புதுசு. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, தன் ஊரான ஏரலிலிருந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். டைப்ரைட்டரில் பறக்கும் விரல்கள் இதில் தடுமாறின. ஏ, பி, சி என்று வரிசையாக வைத்திருந்த பொத்தான்கள் ஒவ்வொன்றும் உளுந்தம்பருப்பு அளவுதான் இருந்தது. முதல் வாரம் பாடம் நடத்திய மும்முரத்தில் இரண்டு தடவை ஐந்து மணி ஏரல் பஸ்ஸையும் விட்டாள்.

அவளாவது தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். சாருக்குத்தான் ஒரு எழவும் ஏறவில்லை. திங்கள்கிழமை சொன்னதைச் செவ்வாய்க்கிழமை மறந்தார்.

போதாக்குறைக்கு, நாலைந்து நாளாக அந்தச் சனியன் சாயங்காலம் நாலு ஐம்பதுக்குத் தானாகவே கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்துகிற பக்கம்வரை அவள் இன்னும் படிக்கவில்லை. கத்தி ஓயட்டும் என்று விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இன்றைக்குப் பதினைந்தாவது நாள். நாளைக்கு நடராஜுக்கு விமானம். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“எண்பத்திரெண்டுல நடந்த முக்கூடல் வயக்காட்டுக் கேஸ்ல எதிர்சாட்சி பேரு, அவன் அப்பன் பேரு, வாய்தா தேதி வரைக்கும் கேக்காமலே சொல்லுதீங்க. இந்த ஒத்தப் பொத்தான் மட்டும் ஏன் சார் மண்டையில நிக்க மாட்டேங்கு?”

“அது மனுசங்க விவகாரம்லா. இது மிஷினு.”

“நீங்க படிக்கலைன்னா என் பொழப்புப் போயிரும் சார்!”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து நடராஜ் உள்ளே வந்தான். “எங்கேப்பா, இத்தனை நாளா எழுதினதைக் காட்டுங்க பாப்போம்.”

வாங்கிப் பார்த்தான். ஒரு குறிப்புகூட இல்லை. தகப்பனாரை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏலே, எனக்கு வயசாச்சு. இதெல்லாம் இனிமே எனக்கு வராது,” என்றார் அவர்.

சாலோமி எழுந்து நின்றாள். “தம்பி, நான் என்னால ஆன மட்டும்...”

“விடுங்கக்கா, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.” நடராஜ் சலிப்போடு டைரியை மேஜையில் போட்டான். “இவர் இதைப் படிச்சிருந்தா ஒண்ணாந்தேதியிலேருந்து உங்களை வேலையை விட்டு நின்னுக்கிடச் சொல்லலாம்னு இருந்தேன். இவரே எழுதிருவாரு, டைப் அடிக்க பக்கத்துத் தெருவுல கம்ப்யூட்டர் சென்டர் இருக்கு. இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்ல. நீங்களே எழுதுங்க. இதை நான் திருப்பிக் கொண்டு போயிருதேன்.”

பெட்டி கட்ட உள்ளே போய்விட்டான்.

சாலோமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கர்த்தரே! தன் வேலைக்குத் தானே வேட்டு வைக்கவா பதினைந்து நாளாக இந்தப் பாடு பட்டாள்? நல்லவேளை, இந்த மனுஷனுக்கு மூளை மழுங்கிப்போனது!

கீச்சுக் கீச்சென்று கத்தியது டைரி. மணி நாலு ஐம்பது.

வக்கீல் கேஸ் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டி மூன்று பொத்தான்களைத் தட்டினார். சத்தம் நின்றது. கடைசியாக ‘செட்’ பொத்தானையும் மறக்காமல் அழுத்தினார்.

“அலாரத்தை எடுத்துட்டேன் சாலோமி. நாளையிலேருந்து ஏரல் பஸ்ஸுக்கு நீயே மணி பாத்துக்கோ.”