முன்மாதிரித் தெரு

மக்கள்தொகைக் கணக்கெடுத்துவிட்டு வந்த ஆசிரியர்களின் முன்னால் படிவக் கட்டைப் பொத்தென்று போட்டார் அதிகாரி.

"எல்லாருக்கும் முப்பது, நாப்பது, அம்பது! ஊருல ஒருத்தருக்குக்கூட நாப்பத்திமூணு வயசு ஆகலையா?"

"ஜனங்க குத்துமதிப்பா சொல்றாங்க சார்," என்றார் கணக்கு வாத்தியார்.

"தையல் டீச்சரோட தெருவைப் பாருங்க. முப்பத்தேழு, நாப்பத்திரண்டு, அறுபத்தொண்ணு! ஆண், பெண் கணக்குகூட கச்சிதம். மத்தவங்க மறுபடியும் வீடு வீடா ஏறுங்க!"

வெளியே வந்ததும் கணக்கு வாத்தியார் டீச்சரை மடக்கினார். "உங்க ஜனங்க மட்டும் எப்படிம்மா வயசைக் கரெக்டா சொன்னாங்க?"

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்ல வாயைத் திறந்தேன். 'லிஸ்ட்ல தெரு இருக்குல்ல, படிவத்தோட வாங்க'ன்னு அதிகாரிதான் விரட்டினாரு. வீட்டுல உக்காந்து நானே எழுதினேன். பாலம் கட்ட அந்தத் தெருவையே போன வருஷம் இடிச்சுட்டாங்களே சார்!"