முதல் கீறல்

ஏழைபாழைகளும் வாங்கிப் படிக்கட்டும் என்று மலிவாகச் செய்த டேப் அது, உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணினி. வயிறு நிறையக் கதைப் புத்தகம். சம்பூரணம் அதை ஆசையாக வாங்கி வந்து, "நல்ல நாள் பார்த்து எடுக்கலாம்" என்று பிளாஸ்டிக் உறைகூட உரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பக்கத்தில் அவளுடைய ஒரே பட்டுப்புடவை.

"அக்கா, என்னை எப்போ வெளியே எடுப்பாங்க?" என்று கேட்டது டேப்.

"எதுக்கு அவசரம் தம்பி? நான் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, பார்த்தது ரெண்டே கல்யாணம். கசங்காம இருக்கறதுதான் நமக்குப் பெருமை."

டேப்புக்கோ சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வரிகூட யாரும் படிக்காமல் கண்ணை மூடிவிடுவோமோ?

அடுத்த கல்யாணம் வந்தது. சம்பூரணம் புடவையை இழுத்த இழுப்பில் டேப்பும் கூடவே வந்து தரையில் விழுந்தது. உறை கிழிந்து, ஓரத்தில் நீளமாக ஒரு கீறல்.

"ஐயையோ, புதுசு போச்சே!" பதறிப்போய் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். வெளிச்சம் வந்தது. "அப்பாடா! சரி, இனிமே இதைப் பொத்திப் பொத்தி வெச்சு என்ன ஆகப் போகுது?"

அன்றிலிருந்து டேப்புக்கு அடுப்படி வாசம். மாவு ஒட்டிய விரலால் பக்கம் தள்ளித் தள்ளிப் படித்தாள். கதை சுவாரசியத்தில் தோசை தீய்ந்தது.

கல்யாணம் முடிந்து பெட்டிக்குத் திரும்பியிருந்த புடவை உள்ளிருந்து குரல் கொடுத்தது. "தம்பி, கீறல் வலிக்குதா?"

"இல்லக்கா. நிம்மதியா இருக்கு."

 புடவை மெல்லக் கேட்டது.

"அடுத்த கல்யாணத்துல யாராவது என் மேல சாம்பார் கொட்டுவாங்களா?"