அரை மணி வெளிச்சம்

விளக்கைப் போட்டதுமே எத்திராஜ் கண்களை இடுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"ரொம்பக் கூசுதா அங்கிள்?" என்றாள் வித்யாலட்சுமி.

"சூரியனையே கொண்டாந்து மேஜை மேல வெச்ச மாதிரி இருக்கு கண்ணு."

அவள் குனிந்து நோட்டில் நேரத்தை எழுதினாள். காலை ஏழரை.

வயதானவர்களின் தூக்கத்துக்குக் காலை வெளிச்சம் உதவுமா என்று ஒரு மருத்துவமனை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஆறு வாரம், தினமும் அரை மணி நேரம் விளக்கின் முன் உட்கார வேண்டும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள, மருத்துவமனை சார்பில் வித்யாலட்சுமி ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்டின் டவுனில் இருந்த அவர் வீட்டுக்கு வருவாள்.

முதல் நாளே படிவத்தைப் படித்துக் காட்டியிருந்தாள். "விளக்குல ரெண்டு ரகம் இருக்கு அங்கிள். உங்களுது எதுன்னு கடைசி நாள்தான் சொல்லுவேன். நடுவுல உங்களுக்கே தெரிஞ்சுட்டா சொல்லிடணும். அன்னிக்கோட உங்கள நிறுத்திடுவாங்க, நானும் வரமாட்டேன்."

எத்திராஜ் கையெழுத்துப் போட்டார்.

மனைவி சாந்தகுமாரி போய் இரண்டு வருடம். அன்றிலிருந்து இரவில் இரண்டு மணி நேரம்தான் தூக்கம். மூன்று மணிக்கே எழுந்து விடியலுக்காகக் காத்திருப்பார். விடிந்த பிறகு காத்திருக்க எதுவும் இருக்காது.

இரண்டாம் வாரத்தில், இன்னொரு நாற்காலியில் குவிந்திருந்த பழைய பேப்பர்கள் காணாமல் போயின. அவள் வரும்போது மேஜையில் இரண்டு டம்ளர் காபி இருந்தது. இருவரும் அதிகம் பேசுவதில்லை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், காபி ஆறும்.

ஒருநாள் ஜன்னல் வழியே, பகலிலும் எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கைக் காட்டினார். "அதப் பாரு. ரெண்டு நாள்ல போயிடும்."

"பார்த்தே சொல்லிடுவீங்களா?"

"முப்பத்தாறு வருஷம் கார்ப்பரேஷன்ல வீதி விளக்கு செக்‌ஷன். வேற என்ன தெரியும் எனக்கு?"

மூன்றாம் நாள் அந்த விளக்கு அணைந்திருந்தது.

கடைசி நாள் வந்தது. தூக்கத்தை அளக்க அவர் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கணக்குப் பார்த்தாள் வித்யாலட்சுமி. "ஆறு மணி நேரம் தூங்கறீங்க அங்கிள்! டாக்டரே நம்பமாட்டாரு."

பிறகு ஒயரைச் சுற்றி விளக்கைப் பெட்டியில் வைத்தாள். மூடவில்லை.

"இப்ப சொல்லலாம். ரொம்பப் பேருக்கு நெஜ விளக்கு. சில பேருக்கு ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மங்கலா ஒண்ணு. உங்களுக்குக் கொடுத்தது மங்கல் அங்கிள். அதுல ஒண்ணுமே இல்ல. நீங்க தினம் கண்ணு கூசி உட்காரும்போது எனக்குக் கஷ்டமா இருக்கும்."

எத்திராஜ் பெட்டிக்குள் இருந்த விளக்கைப் பார்த்தார்.

"நெஜ விளக்கு கூரியர்ல வரும். நீங்களே போட்டுக்கலாம். யாரும் வர வேண்டியதில்ல."

"பரவாயில்ல" என்றார். அவளுடைய காலி டம்ளரை எடுத்துத் தன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு புரியல அங்கிள். அந்த விளக்குல எப்படித் தூங்கினீங்க?"

அவர் நிமிர்ந்தார்.

"கண்ணு கூசற மாதிரி தினம் நடிச்சேனே, சரியா இருந்துச்சா கண்ணு?"