சூடான எஞ்சின்

ஞாயிறன்று கடலுக்குப் போன குற்றத்துக்காக, மீனவர் சங்கத் தலைவர் மார்சலின், வின்சன்டின் வலையைப் பறித்துக் கோயிலில் பூட்டிவைத்தார். அன்றிலிருந்து பக்திமான் எவரையும் வின்சன்ட் நம்புவதில்லை.

இந்த ஞாயிறு ஊரே காலைப் பூசையில் இருக்க, அவன் கற்பிட்டிக் கரைக்குப் போய் மார்சலினின் போட் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். கை சுட்டது.

பூசை முடிந்ததும் சுவாமியாரின் வீட்டு வாசலில் நின்றான்.

“பாதர், தலைவர் இண்டைக்குக் கடலுக்குப் போயிருக்கார். எஞ்சின் சுடுது.”

“வெயிலுக்குச் சுட்டிருக்கும்.”

“விடியக்காலையில என்ன வெயில், பாதர்?”

“வின்சன்ட், சந்தேகமும் பாவந்தான். மார்சலின் கோயில்ல முன்வரிசை வாங்கில முழங்கால்ல நிண்டு பூசை கண்ட மனுசன். ஓய்வுநாளை மீறமாட்டார்.”

குசினியிலிருந்து சமையல்காரி கத்தரினா எட்டிப் பார்த்தாள்.

“பாதர், மார்சலின் அண்ணன் விடிய கொண்டந்த கொடுவா மீன் இன்னும் துடிக்குது. போன ஞாயிறு மாதிரிக் குழம்பு வைக்கவா, பொரிக்கவா?”